நடு எஞ்சின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சாலையில் எப்படி ஓடும்? நெல்லைப் பக்கத்து ஓட்டுநர்களுக்கான கேள்வி பதில்

நடு எஞ்சின் கார் என்றால் எது? எந்தக் காரை வைத்துப் பேசுகிறீர்கள்?

ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது நடு எஞ்சின். சாலைக்கு வந்த இவ்வகைக் கார்களில் லம்போர்கினி மியூரா, லோட்டஸ் யூரோப்பா இரண்டும் 1966-ல் வந்தவை. ஃபியட் எக்ஸ்1/9 1972-ல் வந்தது, டொயோட்டா எம்ஆர்2 1984-ல். இந்தக் கேள்வி பதிலில் பெரும்பாலும் போர்ஷே 914-ஐ வைத்தே பேசுகிறோம். போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து 1969 முதல் 1976 வரை செய்த இரண்டு சீட்டு வண்டி அது. ஆரம்ப மாடல் 1.7 லிட்டர், காற்றால் குளிரும் நாலு சிலிண்டர், 80 குதிரைத்திறன், எடை சுமார் 900 கிலோ. எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கு முன்னும் 54 பங்கு பின்னும் விழும்.

அம்பாசடர் ஓட்டிய கைக்கு இது எப்படி இருக்கும்?

இரண்டுக்கும் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம்) கிட்டத்தட்ட ஒன்றுதான்: அம்பாசடர் 2464 மில்லிமீட்டர், 914 2450 மில்லிமீட்டர். ஆனாலும் வளைவில் இரண்டும் வேறு வேறு வண்டிகள். காரணம் மூன்று.

முதலாவது உயரம். அம்பாசடர் 1.6 மீட்டர், 914 சுமார் 1.23 மீட்டர். எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் உடம்பு சாய்வது குறைவு, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறும் சுமையும் குறைவு.

இரண்டாவது பின் ஆக்ஸில். அம்பாசடரிலும் பத்மினியிலும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஒரே தண்டு. இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலப்பக்கமும் சேர்ந்து ஆடும், வால் அரை அடி தள்ளிக் குதிக்கும். 914-ல் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனி டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தை உடம்போடு இணைத்துப் பின்னால் நீளும் கை), தனி காயில் ஸ்பிரிங். வளைவுக்கு நடுவே பள்ளம் வந்தாலும் மற்ற சக்கரத்தின் பிடி கெடாது.

மூன்றாவதுதான் நடு எஞ்சினின் சொந்தக் குணம். இரண்டு தண்ணீர்க் குடத்தை நீளக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள். அதே குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டும் திரும்பிப் பாருங்கள். கனம் நடுவில் இருந்தால் திரும்பத் தொடங்குவதும் சுலபம், நிற்பதும் சுலபம். 914-ல் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பிவிடுகிறது. அம்பாசடரில் திருப்பி, ஒரு கணம் காத்திருந்து, பிறகு வண்டி வரும். அந்தக் காத்திருப்புக்குப் பழகியவர் 914-ல் முதல் வளைவிலேயே தேவைக்கு மேல் திருப்பிவிடுவார். முதல் நாள் முழுக்கக் கையை அடக்கி ஓட்டுங்கள்.

ஓம்னியிலும் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தானே? நானோவில் பின்னால்தானே? அவையும் இப்படி ஓட வேண்டாமா?

நல்ல கேள்வி. எஞ்சின் இருக்கும் இடம் மட்டும் வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஓம்னியே சாட்சி. முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின், பின் சக்கர ஓட்டம். ஆனால் உயரமான உடம்பு, ஒல்லி டயர், பின்னால் பட்டை ஸ்பிரிங். அதை வேகமாக வளைத்தால் பிடி விடுவதற்கு முன்னால் கவிழும் பயம்தான் வரும்.

நானோவின் எஞ்சின் பின் சீட்டுக்கு அடியில், பின் ஆக்ஸிலை ஒட்டி. வால் கனத்து முன்னே ஓடிவிடக் கூடாது என்பதற்காக முன்னால் 135 அகல டயரும் பின்னால் 155 அகல டயரும் போட்டார்கள். முன் பிடியை வேண்டுமென்றே குறைத்து வாலைக் காப்பாற்றும் வழி அது. நானோவுக்கு நாலு சக்கரத்திலும் ஒரே அளவு டயர் மாட்டும் பழக்கம் இதனால்தான் தவறு.

போர்ஷே 911-ஐ விட 914 நல்லதா?

வளைவில் நடுநிலை என்று பார்த்தால், ஆம். 911-ல் எஞ்சின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது, எடையில் சுமார் 60 பங்கு பின்னால். வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தச் சுமை சக்கரத்தை அழுத்தி நல்ல இழுவை தரும். நுழையும்போது மூக்கு லேசாக இருக்கும், வால் நழுவினால் கனம் அதை இழுத்துக்கொண்டு போகும். இதைக் குறைக்கவே 1969 மாடலில் 911-ன் வீல்பேஸை 2211-லிருந்து 2268 மில்லிமீட்டராக நீட்டினார்கள்.

914-ல் வால் நழுவும் எல்லை இன்னும் தள்ளி இருக்கிறது. ஆனால் தாண்டினால் சுழல்வது வேகமாக நடக்கும். 911 முன்கூட்டியே எச்சரித்து, பிறகு பெரிதாகத் தண்டிக்கும். 914 கடைசி வரை சமத்தாக இருந்துவிட்டுத் திடீரென்று சுழலும்.

மாருதி 800, ஸ்விஃப்ட் ஓட்டிப் பழகியவர் முதலில் எதை மறக்க வேண்டும்?

வளைவுக்கு நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதை. முன் சக்கர ஓட்டக் காரில் வேகம் அதிகமானால் மூக்கு வெளியே போகும். காலை எடுத்தால் முன் சக்கரத்துக்குச் சுமை வந்து வண்டி மறுபடி உள்ளே வரும். அங்கே அது சரியான பழக்கம்.

நடு எஞ்சினில் அதே செயலின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ, எடை மையம் அரை மீட்டர் உயரம், வீல்பேஸ் 2.45 மீட்டர் என்று வைப்போம். இரண்டாம் கியரில் காலை எடுத்தால் எஞ்சின் இழுத்துப் பிடிப்பது சுமார் 0.15 ஜி, அதாவது வண்டி எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு விசை. அப்போது ஏறக்குறைய 30 கிலோ பின் சக்கரங்களிலிருந்து முன்னே போகிறது. அதோடு எஞ்சின் பிரேக் மொத்தமும் விழுவது அதே பின் சக்கரங்களின் மேல்தான். ஏற்கெனவே வளைவில் முழுப் பிடியையும் செலவழித்துக்கொண்டிருக்கும் டயருக்குச் சுமை குறைந்து வேலை கூடினால் அது விட்டுவிடும்.

ஆகவே வரிசை இது: நேர் சாலையிலேயே பிரேக், நேர் சாலையிலேயே கியர் இறக்கம், பிறகு திருப்பு. திருப்பியதும் ஆக்சிலரேட்டர் மிதியை மெல்லத் தொட்டு, வேகம் கூடாமலும் குறையாமலும் வளைவின் நடு வரை பிடி. வெளி வாசல் தெரிந்த பிறகு மிதி. இதை 40 கிலோமீட்டர் வேகத்தில் பழகினாலே கால் கற்றுக்கொள்ளும்.

புளியரை எஸ் வளைவு மாதிரி இடத்தில் எவ்வளவு வேகம் தாங்கும்?

எஞ்சின் எங்கிருந்தாலும் டயரின் பிடிக்கு மேல் எந்தக் காரும் போகாது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவு, காய்ந்த தார், பிடிப்பு எண் 0.7 என்றால் எல்லை மணிக்கு 36 கிலோமீட்டர். சாரலில் அதே சாலையின் பிடிப்பு 0.4 ஆகக் குறைந்தால் 27. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் பாதையில் கேரள லாரிகள் வளைவை முழுசாக எடுத்துத்தான் திரும்பும். நம் பக்கத்தில் இடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் பொதுச்சாலையில் தேவையே இல்லை.

வால் நழுவத் தொடங்கிவிட்டால்?

பிரேக் வேண்டாம். காலை மொத்தமாக எடுக்கவும் வேண்டாம். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை உடனே, அளவாகத் திருப்பி, மிதியை அசையாமல் பிடியுங்கள். பிடி திரும்பியதும் ஸ்டீயரிங்கை நேராக்கத் தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் வீசும். பலர் மாட்டுவது அந்த இரண்டாவது வீச்சில்தான். வண்டி குறுக்கே திரும்பிவிட்டது, இனி மீளாது என்று தெரிந்தால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுசாக அழுத்துங்கள். சக்கரம் நின்ற வண்டி போகும் திசையிலேயே சறுக்கி நிற்கும், எதிர்ப்பாதைக்குள் பாயாது.

நம்மூர்ச் சாலையில் குறிப்பாக எங்கே கவனம்?

அறுவடை நேரத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். ஒரு பக்கச் சக்கரம் நெல்லிலும் மறு பக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டால் எந்தக் காரும் திரும்பும்; கனம் நடுவில் உள்ள கார் இன்னும் சீக்கிரம் திரும்பும். நெல்லை அடையும் முன்னே வேகத்தை இறக்கி, அதன் மேல் நேராக, மிதியை மாற்றாமல் போங்கள். டிப்பர் லாரி சிந்தும் மணல் வளைவின் உள் விளிம்பில் சேரும்; அதற்கும் இதே முறை. திசையன்விளைப் பக்கம் காற்று கொண்டுவந்து போடும் தேரி மண் நிறத்தாலாவது கண்ணுக்குத் தெரியும். ஆற்று மணல் தெரியாது.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் எப்படி?

ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரை பக்கக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளே நிற்கின்றன. எடை மையம் பின்னால் போகப் போக, காற்று மூக்கைத் தள்ளுவது அதிகமாகும். அதனால் 911-ம் நானோவும் அதிகம் விலகும், முன் எஞ்சின் கார் குறைவாக விலகும், 914 நடுவில். தாழ்ந்த உடம்பு அதற்குப் பெரிய உதவி. லாரியைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில்தான் அடி விழும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு கையாலும் லேசாகப் பிடித்திருந்தால் திருத்தம் சின்னதாக இருக்கும். இந்தச் சாலைக்கு டேங்க் நிறைந்திருப்பது நல்லது.

டேங்குக்கும் திருப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

914-ன் பெட்ரோல் டேங்க் முன்னால், கொள்ளளவு 62 லிட்டர். நிறைந்தால் சுமார் 46 கிலோ, பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல். முன்னால் விழும் மொத்த எடையே 400 சொச்சம் கிலோதான் என்பதால் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. டேங்க் காலியாகும்போது ஸ்டீயரிங் லேசாகும், ஈரத்தில் மூக்கு முதலில் வழுக்கும். திருநெல்வேலியில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய வண்டி திரும்பி வரும்போது வேறு மாதிரி இருக்கிறதே என்று அலைன்மென்ட் கடைக்கு ஓடுவதற்கு முன் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள்.

இரண்டு டிக்கி உண்டு. கனமான பெட்டியை முன் டிக்கியில் வையுங்கள். பின் டிக்கி பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே 40 கிலோ ஏற்றினால் நடு எஞ்சினின் லாபத்தில் கொஞ்சம் அங்கேயே தொலையும்.

எந்த டயர், எவ்வளவு காற்று?

பழைய அளவு 155 அல்லது 165 ஆர்15. இங்கே எளிதாகக் கிடைப்பது 185/65 ஆர்15, 195/65 ஆர்15. 165-ன் விட்டம் சுமார் 645 மில்லிமீட்டர், 185/65 சுமார் 621, 195/65 சுமார் 634. ஆகவே 185 போட்டால் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட நூற்றுக்கு நாலு பங்கு கூடுதலாகக் காட்டும், வண்டியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழும். நம்மூர் வேகத்தடைகளுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிது. 5.5 அங்குல ரிம் இருந்தால் 195-ஐப் பார்க்கலாம். பின் மட்கார்டின் உள் மடிப்பில் உரசுகிறதா என்று இரண்டு பேரை உட்காரவைத்துச் சோதியுங்கள். 4.5 அங்குல ரிம்மில் 165-க்கு மேல் வேண்டாம்.

காற்று: குளிர்ந்த டயரில் முன் 26, பின் 29 பிஎஸ்ஐ. கடைப் பையன் நாலுக்கும் 32 வைத்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், அதைக் குறைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயரில் நாலைந்து பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடாது, பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கல்லாகும். டயர் ஓரத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை வைத்துக்கொண்டு நடு எஞ்சினின் குணத்தைப் பேசுவது நியாயமில்லை.

அலைன்மென்ட் கடையில் என்ன சொல்லிச் செய்ய வேண்டும்?

முன்னால் மட்டும் பார்த்து அனுப்பும் வழக்கத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். பின் சக்கரங்களைத் தண்டு இணைக்காத காரில் பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறினால் பின்னாலிருந்தே வண்டி தன்னைத் திருப்பிக்கொள்ளும். ஓட்டுநர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று, டேங்க் நிறைய, காற்று சரியாக. இப்படி வைத்துப் பின்னால் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு) சுமார் அரை டிகிரி நெகட்டிவ், அதாவது மேல் விளிம்பு உள்பக்கம் சாய்ந்து. டோ பூஜ்யம் முதல் கால் டிகிரி வரை உள்நோக்கி. கால் டிகிரி என்பது ரிம் விளிம்பில் அளந்தால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிநோக்கிய டோ ஒரு துளியும் கூடாது. காலை எடுத்ததும் வால் துள்ளும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பின் டோ டிரெய்லிங் ஆர்மின் வெளிப் பிராக்கெட்டின் நீள் துளையில் நகரும், கேம்பர் அதே இடத்தில் வைக்கும் ஷிம் தகட்டால் மாறும். முன்னால் கேம்பர் பூஜ்யம், கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் அளவு) 6 டிகிரி.

அலைன்மென்ட் செய்த ஒரே மாதத்தில் மறுபடி ஒரு பக்கம் இழுக்கிறது. ஏன்?

வலப்பக்கப் பின் சக்கரமா என்று பாருங்கள். 914 வாங்குபவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது. பேட்டரித் தட்டு எஞ்சின் அறையின் வலப்பக்கம் இருக்கிறது. பேட்டரி அமிலமும் மழைத் தண்ணீரும் சொட்டி நேரே கீழே, டிரெய்லிங் ஆர்மைத் தாங்கும் தகட்டுப் பெட்டியின் மேல் விழும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். வளைவில் சுமை ஏறும்போது அந்தத் தகடு நெளிய, சக்கரம் தானே திசை மாறும். எந்த அலைன்மென்டும் அங்கே நிற்காது.

சோதனை இப்படி: பேட்டரியையும் தட்டையும் கழற்றுங்கள். டார்ச் அடித்துத் தகட்டு மடிப்புகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். திடமாகத் தட்ட வேண்டும், உள்ளே இறங்கக் கூடாது. அடுத்து வலப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவு இடைவெளியைப் பாருங்கள். மேலே இடுக்கு குறைந்தால் அடிச்சட்டமும் போய்விட்டது என்று அர்த்தம். கழற்றக்கூடிய கூரை என்பதால் பலம் முழுக்க அந்த அடிச்சட்டத்தில்தான். மேலே ஒட்டுத் தகடு வைத்துப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். துருவை முழுக்க வெட்டி, கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி வைத்துப் பிடித்து, புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். கம்பி வைக்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிப்போகும்.

பிரேக்?

நாலிலும் டிஸ்க், அதனால் மலை இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் கார்களைவிட நிம்மதி. பின் கேலிப்பரிலேயே (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) ஹேண்ட்பிரேக்கும் இருப்பதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கையால் வைக்க வேண்டும்: 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர், இரு பக்கமும். வைக்காவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். மெக்கானிக் காற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆயிலை இறைப்பார். பின் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை எடுத்துவிட்டு வெறும் குழாய் இணைப்பு போட்ட வண்டிகள் உண்டு. அதை ஏற்காதீர்கள், முன் சக்கரத்துக்கு முந்திப் பின் சக்கரம் பூட்டினால் சுழல்வதைத் தவிர வேறு வழியில்லை. டாட் 4 ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றம். ஈரம் கலந்தால் அதன் கொதிநிலை 230-லிருந்து 155 டிகிரி வரை இறங்கிவிடும்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் நன்றாக வளையுமா?

நெல்லை–தென்காசி நாலுவழிச் சாலையில் வேண்டுமானால். கிராமச் சாலையில் கடின ஸ்பிரிங் சக்கரத்தைத் தரையிலிருந்து குதிக்கவிடும். குதிக்கும் சக்கரத்துக்குப் பிடி இல்லை. அதிலும் பின்னால் மட்டும் கடினமாக்குவது வாலைத் தளர்த்தும் வேலை. முதலில் மாற்ற வேண்டியவை ஷாக் அப்சார்பர், டிரெய்லிங் ஆர்ம் புஷ் (மூட்டில் வரும் சிறு உறை), கியர் லீவர் இணைப்புப் புஷ். கடைசியாகச் சொன்னதுக்கும் திருப்பத்துக்கும் என்ன என்று கேட்கலாம். தேய்ந்த புஷ்ஷால் நாலாவதிலிருந்து மூன்றாவதற்குப் போட நினைத்தது முதல் கியரில் விழப் பார்த்தால், பின் சக்கரம் பூட்டி வால் போகும்.

மாஞ்சோலைக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். கல்லும் பள்ளமும் அடிப்பாகத்தைக் கிழிக்கும்; வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இன்றைய சாதாரணக் காரைவிட வேகமாக வளையுமா?

நல்ல டயர் போட்ட இன்றைய ஸ்விஃப்ட், அதே வளைவில் பழைய 914-க்குச் சளைக்காது. ஏபிஎஸ் இருப்பதால் ஈரத்தில் நிற்பதும் அதுவே முந்தி நிற்கும். 914 தருவது வேறு. பவர் ஸ்டீயரிங் இல்லாத சக்கரத்தின் வழியே முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது, இடுப்புக்குப் பக்கத்திலேயே வண்டி சுழல்வது தெரிகிறது. 50 கிலோமீட்டர் வேகத்திலேயே இது கிடைக்கிறது என்பதுதான் இந்த வண்டியின் மேல் எங்களுக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம்.

வின்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் ஓட்டலாமா?

முடியாது. 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு எண்ணில் விஏ என்ற எழுத்தோடு பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ஆராய்ச்சி, ரேலி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் சாலையில் ஓடலாம். எஞ்சினை மாற்றியோ உடம்பை வெட்டியோ அகல டயர் போட நினைப்பவர்கள் இந்த அசல் வடிவ நிபந்தனையை முதலில் நினைக்க வேண்டும்.

உவரி, மணப்பாடு கடற்கரைப் பக்கம் போய் வந்தால்?

அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை அலசுங்கள். பேட்டரித் தட்டின் கீழும், கதவுக்கடியில் உள்ள தண்ணீர் வெளியேறும் துளைகளிலும் மணல் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். கூரை ரப்பர் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் தங்கும். விரிப்பைத் தூக்கி வெயிலில் போட்டு, காய்ந்த பிறகே வண்டியை மூடுங்கள்.